பியானோவும் ஹாரனும்

"மறுபடியும் ஹாரன்!" ஒலிப்பதிவு செய்துகொண்டிருந்த ஜெரின் ஹெட்போனைக் கழற்றினான். "ஆறாவது தபா மாயா. கீபோர்டுலயே வாசிச்சிடலாம்னு அப்பவே சொன்னேன்."

"இந்தக் காட்சிக்கு நிஜ பியானோதான்டா வேணும்."

கல்மண்டபம் பகுதியில் ஒரு தேவாலயத்தின் பழைய ஹால் அது. வெளியே, துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள். ஐந்து மணிக்குத் தேவாலயப் பாடகர் குழு பயிற்சிக்கு வந்துவிடும்; அதற்குள் முடிக்க வேண்டும். இரவுக்குள் குறும்படத்தைப் போட்டிக்கு அனுப்பியாக வேண்டும்.

படம் மாயாவின் சொந்தக் கதைதான். பையன் என்று வளர்க்கப்பட்டவள், முதன்முதலாகப் புடவை கட்டிக்கொண்டு கண்ணாடி முன் நிற்கிறாள். வசனம் கிடையாது. நான்கு நிமிடம், பியானோ மட்டும்.

"உங்க நைனா படத்தைப் பார்த்தாரா?"

"நீ வேற. நான் புடவை கட்டின நாள்லேர்ந்து அவருக்கும் எனக்கும் பேச்சே இல்ல. நேத்து அம்மாகிட்ட இந்த ஹால்ல ரெக்கார்டிங்னு சொல்லிகினு இருந்தேன். பாதிச் சோத்துல எழுந்து பூட்டாரு."

திடீரென்று வெளியே பத்துப் பதினைந்து ஹாரன்கள் சேர்ந்து அலறின. ஜெரின் ஜன்னலைத் திறந்தான்.

"பேஜாரு! ஒரு டிரைலர் லாரி ரோட்டுக்குக் குறுக்கால நின்னுகினு கீது." கண்ணைச் சுருக்கிப் பார்த்தான். "மாயா... அது உங்க நைனா ஓட்டுற வண்டி."

மாயா எட்டிப் பார்த்தாள். அப்பா வேலப்பன் கேபினிலிருந்து இறங்கினார். ஹால் பக்கம் திரும்பவேயில்லை. பின்னால் நின்ற லாரிகளை நோக்கி நடந்தார்.

"வேணும்னே பண்றாரு," என்றான் ஜெரின். "இன்னிக்கு நீ வாசிக்கவே கூடாதுன்னு."

மாயா பியானோவின் மூடியில் கை வைத்தாள்.

"வுடு ஜெரின். வூட்டுக்குப் போலாம்."

அப்போது ஒரு ஹாரன் நின்றது. அப்புறம் இன்னொன்று. என்ஜின்களும் ஒவ்வொன்றாக அடங்கின. தெருவில் காக்கை கரைவது கேட்டது.

ஜெரின் பாய்ந்து ஜன்னலைச் சாத்தினான். ஹெட்போனை மாட்டினான்.

"வாசி! சீக்கிரம் வாசி!"

மாயா வாசித்தாள். கடைசி ஸ்வரம் தேய்ந்து மறையும்வரை ஜெரின் மூச்சுகூட விடவில்லை. பிறகு கட்டைவிரலை உயர்த்தினான்.

மாயா வாசலுக்கு ஓடினாள். அதற்குள் டிரைலர் தெருமுனையைத் தாண்டிவிட்டது. அடுத்த லாரியின் டிரைவர் அப்போதுதான் சாவியைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, முன்னால நின்ன வண்டிக்கு இன்னா ரிப்பேர்?"

"ரிப்பேரா? வண்டி நல்லாத்தான் கீதும்மா. அந்த மனுசன் ஒவ்வொரு வண்டியா வந்து கையெடுத்துக் கும்பிட்டாரு. 'எம் பொண்ணு உள்ள பியானோ வாசிக்குது, செத்த நேரம் ஹாரன் அடிக்காம இருங்கப்பா'ன்னு."