ஒன்பது நிமிடம்

“உள்ளதிலேயே சின்னதா ஒரு எஸ்.எஸ்.டி. டிஸ்க் குடுங்கண்ணே. கம்ப்யூட்டர் சட்டுனு திறக்கணும், அவ்வளவுதான்.”

பிரித்துப் போட்டிருந்த கணினிக்குள் தலையை விட்டிருந்த கடைக்காரர் நிமிர்ந்தார். “யாரு வீட்டுக்கும்மா?”

“எங்க வீட்டுக்குத்தான். எட்டு வருஷத்துக்கு முன்னாடி உங்ககிட்ட வாங்கினது. எங்க வீட்டுக்காரர் ராத்திரி வேலை பாக்கிறாரே, அந்தக் கம்ப்யூட்டர்.”

“ஓ... அதுவா” என்றவர் கையிலிருந்த ஸ்க்ரூடிரைவரைத் துடைக்க ஆரம்பித்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

பல் மருத்துவரிடம் வரவேற்பாளர் வேலை அவளுக்கு. மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஓடி வந்திருக்கிறாள். மாலை ஆறு நாற்பதுக்கு அவள் வீடு திரும்பினால், ஆறே முக்காலுக்குக் கணவருக்கு வேலை தொடங்கிவிடும். ஏதோ ஒரு கம்பெனியின் வாடிக்கையாளர்கள் கொட்டும் புகார்களுக்கெல்லாம் விடியும்வரை பதில் எழுத வேண்டும். காலையில் அவள் கிளம்பும்போது அவர் அடித்துப்போட்டதுபோல் தூங்கிக்கொண்டிருப்பார். ஒரே வீட்டில் குடித்தனம் என்றுதான் பேர்.

மிச்சமிருந்தது அந்த ஒன்பது நிமிடம்தான். அவள் வந்ததும்தான் அவர் சுவிட்சைப் போடுவார்; எழுந்திருக்க அந்தக் கணினிக்கு ஒன்பது நிமிடம் ஆகும். “டப்பா! சரியான டப்பா!” என்று அதைத் திட்டிக்கொண்டே நாற்காலியை அவள் பக்கம் திருப்பிப் போட்டு, டீ குடிப்பார். அவளுடைய டாக்டர் யாரிடம் எரிந்து விழுந்தார், மாடி வீட்டுக்காரர்கள் ஏன் பேசிக்கொள்வதில்லை, எல்லாம் அந்த ஒன்பது நிமிடத்துக்குள்தான். ‘வா, கொஞ்ச நேரம் உட்கார்’ என்று வாயைத் திறந்து சொல்லத் தெரியாத மனிதர். கொஞ்சம் முன்னதாகவே சுவிட்சைப் போட்டு வைக்கலாமே என்று அவளும் ஒருநாள்கூடச் சொன்னதில்லை. அவள் ஏன் சொல்லப் போகிறாள்?

ஆனால் நேற்று அவருடைய மேலாளர் போனில் கத்தியது அடுப்படிவரை கேட்டது. தினமும் இவர் ஒருவர்தான் தாமதமாம். இப்படியே போனால் வேறு ஆளைப் பார்க்க வேண்டியிருக்குமாம். “சிஸ்டம் ரொம்ப ஸ்லோ சார்” என்று அவர் குழைந்தார். அவருடைய வேலையைவிடத் தன் ஒன்பது நிமிடம் பெரிதா? பெரிதுதான் என்று மனம் சொன்னதற்குப் பயந்துதான் மறுநாளே கிளம்பி வந்துவிட்டாள்.

“சின்னது வேணாம்மா” என்றார் கடைக்காரர். “நூத்தி இருபது ஜி.பி.ன்னா சீக்கிரம் நிரம்பிடும்.”

“அப்ப இருநூத்தி நாப்பது குடுங்க. கிளினிக்ல ஒரு பொண்ணு எழுதியே குடுத்திருக்கா.” சீட்டை நீட்டினாள்.

“அதுக்குக் கேபிள் வேணும். கேபிள் இல்லியே.”

அவர் தலைக்கு மேலே ஆணியில் ஒரு கொத்துக் கேபிள் தொங்கியது. அவள் அதையே பார்த்தாள். அவரும் திரும்பிப் பார்த்தார்.

“அதெல்லாம் பழசு” என்று முனகினார். “பழைய கம்ப்யூட்டருக்கு எதுக்கும்மா இதெல்லாம்? விடுங்க, போனவரைக்கும் போகட்டும்.”

சரக்கை விற்காமலிருக்க இவ்வளவு பாடுபடும் வியாபாரியை அவள் பார்த்ததே இல்லை. அவர் ஒவ்வொரு சாக்காகச் சொல்லச் சொல்ல அவளுக்குள் ஒரு சந்தோஷம் எட்டிப் பார்த்தது. ‘கேட்டேன், கிடைக்கவில்லை’ என்று திரும்பிவிடலாம். இன்று மாலையும் நாற்காலி அவள் பக்கம் திரும்பும். அந்த நினைப்பே இனித்தது. இனித்ததை எண்ணி வெட்கமாகவும் இருந்தது.

“அண்ணே, உங்களுக்குப் புரியல” என்றாள். “அந்தக் கம்ப்யூட்டராலதான் அவர் தினம் திட்டு வாங்கறாரு. வேலையே போயிடும்போல இருக்கு. முன்னாடியாவது திரையில ஒரு வட்டம் சுத்திக்கிட்டிருக்கும். இப்ப அஞ்சாறு மாசமா அதுவும் இல்ல, ஒரே இருட்டு. முழுசாப் படுக்கறதுக்குள்ள மாத்திடணும். உங்ககிட்ட இல்லன்னா பரவாயில்ல, எதிர்க்கடையில வாங்கிக்கிறேன்.”

கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படியிறங்கிவிட்டாள்.

“நில்லும்மா!”

கடைக்காரர் மேசையைச் சுற்றிக்கொண்டு வாசலுக்கே வந்துவிட்டார். தர்மசங்கடத்தில் நெளிந்தார்.

“திட்டு வாங்கறது எனக்குத் தெரியாதும்மா. வேலைக்கே ஆபத்துன்னா இனி நான் வாயை மூடிட்டிருக்கிறது நல்லால்ல. இன்னொண்ணை உங்க தலையில கட்டி நான் பாவத்தைச் சேத்துக்க மாட்டேன்.”

“இன்னொண்ணா?”

“ஆறு மாசம் முன்னாடியே அவரு அந்த இருநூத்தி நாப்பதை வாங்கிட்டாரு. நானேதான் மாட்டிக் குடுத்தேன். பத்து செகண்டுல திறந்துடும். மறுநாளே ஓடி வந்து, ‘இதைப் பழையபடி மெதுவா ஆக்க முடியுமா’ன்னு கேட்டாரு. முடியாது சார்னேன். ‘அப்ப ஒம்பது நிமிஷம் மானிட்டரை அணைச்சு வச்சுக்கறேன், வீட்ல மட்டும் சொல்லிடாதீங்க’ன்னுட்டுப் போனாரும்மா.”