ரசமட்டம் போடாத தெரு

"ஊர்ல எல்லாத் தெருவுக்கும் ரோடு போட்டாச்சாம், அந்த ஒரு தெருவைத் தவிர—"

"அது லிஸ்ட்டுல இல்லடி—"

"லிஸ்ட்டே உங்க கையிலதானே—"

"முதல்ல சாப்பாட்டைப் போடு!"

"போட்டு அரை மணி நேரமாச்சு. தட்டைப் பாருங்க!"

மனைவி சொன்ன பிறகுதான் மேஸ்திரி தட்டைப் பார்த்தார். எல்லாம் ஆறிப் போயிருந்தது.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலத்தின் இரண்டாம் ஞாயிறு. காலைப் பூசையில் இரண்டாவது மெழுகுவர்த்தியை ஏற்றிவிட்டு, சாமியார் பிரசங்கம் வைத்தார். வரப்போகிற ஆண்டவருக்கு வழி சீராக இருக்க வேண்டும், பள்ளம் நிரம்ப வேண்டும், மேடு இறங்க வேண்டும் என்றார். முப்பது வருடமாக ரோடு போடுகிறவருக்கு அதைக் கேட்டதும் மார்பு விரிந்துவிட்டது.

"கேட்டியா? என் தொழிலைத்தான் சொன்னாரு. கோயில்ல அத்தனை பேர் இருக்க, நேரா என்னைப் பார்த்துச் சொன்னாரு."

"உங்களைப் பார்த்துத்தான் சொன்னாரு. ஆனா தொழிலைச் சொல்லல, ஆளைச் சொன்னாரு. அந்த மேடு நீங்கதான்."

பெருமைக்குக் குறைவில்லாத மனிதர்தான் மேஸ்திரி. அவர் போட்ட ரோட்டில் மழைத் தண்ணீர் ஐந்து நிமிடம் நிற்காது. மட்டம் பார்க்கிற கருவியின் பெயரை வைத்து ஊரே அவரை 'ரசமட்டம்' என்றுதான் கூப்பிடும். அவருக்கும் அது பிடிக்கும்.

ஒரே ஒரு தெரு மட்டும் பதினோரு வருடமாகக் குண்டும் குழியுமாகக் கிடந்தது. அது அவருடைய தங்கை குடியிருக்கும் தெரு.

அம்மா இறந்தது அந்த வீட்டில்தான். தங்கை சொல்லியனுப்பிய செய்தி தாமதமாக வந்தது. இவர் ஓடிப் போய்ச் சேர்ந்தபோது சவப்பெட்டியை மூடிவிட்டார்கள். நடுத்தெருவில் நின்று, "இனி இந்தத் தெருவுல என் கால் படாது!" என்று கத்திவிட்டு வந்தவர், அதன் பிறகு அந்தப் பக்கம் திரும்பவில்லை.

"நீங்க போடாட்டியும் வேற மேஸ்திரிக்கு விட்டுக் குடுத்திருக்கலாம்ல?" என்றாள் மனைவி. "மழை பேஞ்சா அங்க முழங்கால் தண்ணி."

"நான் வேண்டாம்னு ஒதுக்கின தெருவை எவன் தொடுவான்? ஆபீஸ்ல என் பேச்சுக்கு அவ்வளவு மரியாதை!"

"இந்த மரியாதையைத்தான் சாமியார்கிட்ட பாவசங்கீர்த்தனத்துல சொல்லணும். வருஷா வருஷம் 'கோபப்பட்டேன், பொய் சொன்னேன்'னு ரெண்டே ரெண்டைச் சொல்லிட்டு வந்துடறீங்க. ஒரு தடவையாவது அந்தத் தெருவைச் சொன்னீங்களா?"

மேஸ்திரி சாப்பிடாமலேயே கையைக் கழுவினார்.

அடுத்த சனிக்கிழமை பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டுத் திரும்பியவரின் முகம் தொங்கிப் போயிருந்தது.

"என்ன அபராதம் குடுத்தாரு? ஜெபமாலையா?"

"அதா இருந்தா வர்ற வழியிலேயே சொல்லி முடிச்சிருப்பேனே. ரோடு போடச் சொல்லிட்டாரு!"

மனைவி அடுப்புப் பக்கம் திரும்பிச் சிரிப்பை விழுங்கினாள்.

"ஆனா கால் படாதுன்னு நாலு பேர் முன்னால சொல்லியிருக்கேனே..."

"கால் படாட்டி என்ன, ரோலர் படட்டும். மேலேயே உட்கார்ந்துக்குங்க!"

அப்படியேதான் செய்தார். கிறிஸ்துமஸுக்கு நான்கு நாள் இருக்கையில், காலையிலேயே டிரைவரை இறக்கிவிட்டுத் தானே ரோலரில் ஏறிக்கொண்டு தெருவுக்குள் நுழைந்தார். ஜல்லி கொட்டியபோதும் தார் ஊற்றியபோதும் மேலே இருந்தபடியே கத்தினார். டீயைக்கூட மேலே கொடுக்கச் சொல்லித்தான் குடித்தார்.

"மேஸ்திரிக்கு அங்கேயே ஒரு வீடு கட்டிக் குடுத்துடலாம்டா" என்று கீழே ஒருவன் சொல்ல, மற்றவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்கள்.

தங்கை வீட்டு வாசல் கதவு சாத்தியே இருந்தது.

சாயங்காலம் வேலை முடிந்தது. தார் ஆறியதும் செருப்பைக் கழற்றிவிட்டு, வெறுங்காலோடு ரோட்டின் கடைசி வரைக்கும் நடந்து பார்ப்பது மேஸ்திரியின் வழக்கம். கருவியில் தெரியாத பள்ளமும் அவருடைய பாதத்துக்குத் தெரியும்.

"மேஸ்திரி, நடந்து பார்க்கலையா?" என்றான் ஒரு வேலையாள்.

"நீயே பாரு."

"என் காலுக்கு என்ன தெரியும்? நீங்க சொன்னாத்தானே ரோடு!"

மேலே இருந்து பார்த்தார். கன்னங்கரேலென்று, கோடு கிழித்த மாதிரிக் கிடந்தது. முப்பது வருடத்தில் இப்படி ஒரு ரோட்டை அவரே போட்டதில்லை. இதை நடந்து பார்க்காமல் போவதா?

செருப்பை ரோலரிலேயே விட்டுவிட்டு இறங்கினார்.

வேலையாட்கள் ஓரமாக ஒதுங்கி வழிவிட்டார்கள். மெதுவாக, அடி மேல் அடி வைத்து நடந்தார். எங்கேயும் பாதம் தடுக்கவில்லை. தங்கை வீட்டு முன்னால் வந்ததும் அதற்கு மேல் கால் நகரவில்லை.

கதவு திறந்தது. தங்கைக்குத் தலை பாதி நரைத்திருந்தது. அவருக்கு அது இதுவரை தெரியாது.

"ரோட்டைப் பார்த்துட்டு என்னை நல்லவன்னு நெனச்சுடாதேம்மா" என்றார் மேஸ்திரி. "பதினோரு வருஷமா உன் தெருவை ஒதுக்கி வச்ச பாவி நான்தான். சாமிகிட்ட சொல்லிட்டேன். உன்கிட்டயும் சொல்லணும்ல? என்னை மன்னிச்சிரு."

தங்கை படியிறங்கி, புது ரோட்டில் ஒரு காலை வைத்தாள். எடுத்து மறுபடியும் வைத்துப் பார்த்தாள். தலையை நிமிர்த்தித் தெரு முழுவதற்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்.

"நீ எங்கே அண்ணே ஒதுக்கி வச்சே? ஆபீஸ்ல இருந்து நாலு தடவை வேற வேற மேஸ்திரியை அனுப்பினாங்க. 'ரசமட்டத்தோட தங்கச்சி வாசல்ல வேற எவனும் ரோடு போடக் கூடாது'ன்னு நாலு பேரையும் திருப்பி அனுப்பினது நான்தான்!"