நெஞ்சுக்குழியில் ஒரு கவளம்

"சின்ன வயசுலேருந்தே இப்படித்தானா? எவ்வளவு சாப்பிட்டாலும் உடம்பு போடாதா?"

பெண் பார்க்க வந்த அன்று அவன் கேட்டது.

அவள் வாய் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டாள்.

"ஆமா மாப்ள. சதையே பிடிக்காது."

கல்யாணமாகி இரண்டு மாதம். இன்று நாத்தனார் வீட்டில் விருந்து.

இலை நிறையக் கறிச்சோறு. நாத்தனார் தன் கையாலேயே ஒரு கவளம் உருட்டி ஊட்டினாள். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சரியாக மெல்லாமல் அவசரமாக விழுங்கினாள்.

அது நெஞ்சுக்குழியில் நின்றுவிட்டது.

கல்யாணத்துக்கு முன்பு, உடம்பு இளைக்க, அவள் இரைப்பையில் முக்கால் பங்கை வெட்டி எடுத்திருந்தார்கள். மிச்சத்தைக் குழாய் போலத் தைத்துவிட்டார்கள். உடம்பு பாதியானது. வரன் வந்தது. யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்று அம்மா சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

படுத்தால் புளித்த நீர் தொண்டைக்கு ஏறும். எரியும். அதனால் கல்யாண ராத்திரியிலும் சுவரில் சாய்ந்து, உட்கார்ந்தபடியே தூங்கினாள்.

அவன் வேறு மாதிரி புரிந்துகொண்டான்.

"உனக்கா மனசு வரட்டும். அவசரமில்ல" என்றான். தலையணையை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனவன், இன்றுவரை கூடத்தில்தான் படுக்கிறான்.

மனசில்லாமல் இல்லை என்று சொல்ல நினைத்தாள். சொன்னால் காரணத்தையும் சொல்ல வேண்டும்.

நாத்தனார் ஊட்டிய கவளம் இறங்கவில்லை. எச்சில் நுரைத்து வாயை நிறைத்தது. எழுந்து ஓடினாள்.

குழாயடியில் குனிந்து குமட்டிக்கொண்டிருந்தபோது முதுகுக்குப் பின்னால் நாத்தனாரின் குரல்.

"அம்மா, சர்க்கரை டப்பாவ எடு! டேய், ஊமையாட்டம் இருந்துக்கிட்டு காரியத்த முடிச்சிட்டியேடா!"

வீடே சிரித்தது.

மாமியார் ஓடிவந்து அவள் வாயில் ஒரு கை சர்க்கரையைப் போட்டாள். முகத்தை வழித்து நெட்டி முறித்தாள்.

அவன் இலையை விட்டு எழுந்திருந்தான்.

முதலில் அவள் வயிற்றைப் பார்த்தான். பிறகு முகத்தை.

சொல்லிவிடலாம். இப்போதே, எல்லோர் முன்னாலும்.

வாய் நிறையச் சர்க்கரை. அதற்கு அடியில் நுரை மறுபடியும் ஏறிக்கொண்டிருந்தது. அவனை நோக்கிக் கையை மட்டும் நீட்டினாள்.

மாமியார் அந்தக் கையைப் பிடித்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"வெக்கத்தப் பாரேன் தொரைக்கு!" என்றாள் நாத்தனார்.

எச்சில் கையோடு அவன் செருப்பை மாட்டினான். படியிறங்கிப் போய்க்கொண்டே இருந்தான்.