செல்வரத்தினத்தின் கையெழுத்து

“ஆயிரத்து நூறு பவுண்தானே? பரவாயில்லை. எந்த இடத்திலை கையெழுத்து வைக்கிறது, தம்பி?” என்று கேட்டார் செல்வரத்தினம்.

கல்யாணசுந்தரத்தால் நம்ப முடியவில்லை. கார்பெட் சுத்தம் செய்யும் மெஷின்களை வீடு வீடாக விற்பது அவன் பிழைப்பு. இதே மெஷினை மற்றவர்களுக்கு அறுநூறு பவுணுக்குத்தான் கொடுப்பான். பேரம் பேசாமல் வாங்கியவர் லண்டனில் இதுவரை ஒருவரும் இல்லை.

இவர் கதை வேறு என்று லூயிஷாம் கோயிலில் சாப்பாட்டு வரிசையில் நின்றபோது கேள்விப்பட்டிருந்தான். கணக்காளராக இருந்தவராம். ஆறு வருஷத்துக்கு முன், எண்பத்தெட்டில், சைக்கிளில் வேலைக்குப் போகும்போது ஒரு வேன் மோதி மூளையில் காயம். வேலை போயிற்று. நஷ்டஈடாகப் பெரிய தொகை வந்ததாம்.

அப்பேர்ப்பட்டவர் தானாகவே போன் செய்து, “மெஷினைக் கொண்டு வாரும், பாப்பம்” என்று கூப்பிட்டால் விடுவானா? மறுநாள் மத்தியானமே தோர்ண்டன் ஹீத்தில் அவர் வீட்டு வாசலில் காரை நிறுத்திவிட்டான்.

“இங்கதான் சார்” என்று ஒப்பந்தத் தாளை நீட்டினான்.

பேனாவைத் திறந்த செல்வரத்தினம் கொஞ்சம் யோசித்தார். “படியிலையும் இது வேலை செய்யுமோ?”

“பிரமாதமா செய்யும் சார்!”

“ஒருக்கால் செய்து காட்டும்.”

பதின்மூன்று படிகளையும் செய்து காட்டினான். மேல் அறையில் கார்பெட் வேறு மாதிரி என்றார். கட்டிலை நகர்த்தி அதையும் செய்து காட்டினான். திரும்பக் கீழே வந்தால், “சோபாவுக்குக் கீழை ஒரு குழம்புக் கறை கிடக்கு. அது போகாதெண்டு நினைக்கிறன்” என்றார்.

கறை போயிற்று. கூடவே கல்யாணசுந்தரத்தின் தெம்பும் போயிற்று.

“குனிஞ்சால் எனக்குத் தலை சுத்தும், தம்பி. இல்லாட்டில் நானும் ஒரு கை பிடிச்சிருப்பன்” என்று செல்வரத்தினம் நாற்காலியில் இருந்தபடியே வருத்தப்பட்டார்.

மூன்று மணி நேரத்துக்குப் பிறகு கையெழுத்து விழுந்தது. முத்து முத்தான கையெழுத்து. மை காய்வதற்குள் வாசல் கதவு திறந்தது.

ஆஸ்பத்திரி லாண்டரியில் ஷிப்ட் முடித்துவிட்டு, இடுப்பைப் பிடித்தபடி உள்ளே வந்தாள் அவர் மனைவி சிவமலர். மெஷினைப் பார்த்தாள். கோட்டைக் கூடக் கழற்றாமல் மேசையில் இருந்த தாளை எடுத்து வாசித்தாள்.

“தம்பி, இதை நீங்கள் கிழிச்சுப் போடலாம். இவரின்ரை கையெழுத்துச் செல்லாது.”

“என்னம்மா சொல்றீங்க? சார் முழு சம்மதத்தோடதான்...”

“அடிபட்ட பிறகு இவரின்ரை காசுப் பொறுப்பைக் கோர்ட் என்னட்டைத் தந்திருக்கு. கடிதம் காட்டட்டே?”

கல்யாணசுந்தரம் தாளை வாங்கி அந்தக் கையெழுத்தை இன்னொரு தரம் பார்த்தான்.

“பெரிய காசு வந்ததெண்டு ஊரெல்லாம் கதைக்கினம். அது இவரின்ரை ஆயுசுக்கும் காண வேணும். பேச்சுப் பயிற்சிக்குக் குடுக்க வேணும். நான் வேலைக்குப் போனால் காலமையிலை துணைக்கு வாற ஆளுக்குக் குடுக்க வேணும். கட்டுப்படியாகேல்லை எண்டு வீடு துப்புரவாக்க வந்த பொம்பிளையைப் போன வருஷம் நிப்பாட்டிப்போட்டம்.” பிறகு அவன் முகத்தைப் பார்த்து மனமிளகி, “தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ” என்றாள்.

நின்றபடியே குடித்துவிட்டு, மெஷினைத் தூக்கிக்கொண்டு அவன் போனான்.

சிவமலர் கடைசிப் படியில் உட்கார்ந்தாள். அப்போதுதான் கீழே கவனித்தாள். வீட்டுக் கார்பெட் பச்சை நிறம் என்பதே அவளுக்கு மறந்து போயிருந்தது. ஆனாலும் பதற்றம் அடங்கவில்லை.

“நான் ஒரு நாள் வரப் பிந்தினால் என்ன நடக்கும்? உங்கடை கையெழுத்துச் செல்லாதெண்டு எத்தினை தரம் சொல்லியிருக்கிறன்? இன்னும் விளங்கேல்லையே உங்களுக்கு?”

செல்வரத்தினம் சொல்லைத் தேடினார். அடிபட்டதிலிருந்து சொற்கள் வர அவருக்குக் கொஞ்சம் நேரம் எடுக்கும். அவள் காத்திருந்தாள்.

“விளங்கினபடியாத்தானேயப்பா அவனைக் கூப்பிட்டனான்.”