பார்வையிட வந்த மேடம்

"ஒண்ணும் மறைக்காதீங்க. என்னென்ன முடியலையோ, அத்தனையும் சொல்லிடுங்க."

காலையிலிருந்து மனைவி சொல்லிக்கொண்டே இருந்தாள். மாஜி லாரி டிரைவரும் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார்.

பக்கவாதத்தில் அவருடைய இடது கையும் காலும் தளர்ந்துபோயிருந்தன. குளிப்பாட்டுவது, உடுத்திவிடுவது, தூக்கி உட்கார வைப்பது எல்லாம் மனைவிதான். போன வாரம் குளியலறையில் இரண்டு பேரும் சேர்ந்தே விழுந்தார்கள். "இனிமே நீங்க எதையாவது தூக்கினா, நீங்களும் படுத்துடுவீங்க" என்று டாக்டர் அவளிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

காலை வேளைக்கு உதவி ஆள் வைத்துக்கொள்ள சுகாதாரத் துறை பணம் தரும். ஆனால் அதிகாரி வீட்டுக்கு வந்து பார்த்து, தேவைதான் என்று சொல்ல வேண்டும்.

"வர்ற மேடம் லேசுப்பட்ட ஆள் இல்ல. நடிக்கிறவங்களை உட்கார்ந்த இடத்துலயே பிடிச்சிடுவாங்களாம்" என்று பக்கத்து வீட்டுக்காரி வேறு பயமுறுத்தியிருந்தாள்.

வாசல் மணி அடித்தது. அவ்வளவுதான், மனுஷன் மாறிவிட்டார்.

"வாங்க மேடம்" என்று நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தே நின்றார். மனைவி ஓடிப்போய் அவர் பின்னால் நின்றுகொண்டாள்.

"நீங்களே எழுந்துக்குவீங்களா சார்?"

"பின்னே? மலை ரோட்டுல லோடு வண்டியை ஒத்தைக் கையில ஓட்டினவன் மேடம்."

"குளிக்கிறது?"

"நானேதான்."

"சட்டை போடுறது?"

"என்ன மேடம், சின்னப் பிள்ளையா நான்?"

மனைவி உண்மையைச் சொல்ல வாயெடுத்தாள். வெளியாள் முன்னால் அவரைக் காட்டிக்கொடுக்க மனம் வரவில்லை.

கேள்வியெல்லாம் அவரிடம்தான். ஆனால் மேடத்தின் கண் என்னவோ மனைவி மேலேயே இருந்தது. 'ஆள் வைத்துக்கொண்டு சொகுசாக இருக்கப் பார்க்கிறேன் என்று நினைக்கிறாரோ?' அவளுக்கு உடம்பே கூசியது.

"கொஞ்சம் நடந்து காட்டுங்க சார்."

சுவரைப் பிடித்தபடி ஜன்னல் வரை போய்த் திரும்பினார். வேர்த்துக் கொட்டியது. சிரிப்பை மட்டும் விடவில்லை. மனைவியும் கூடவே போய் வந்தாள்.

மேடம் பேனாவை மூடினார். "நல்லா நடிக்கிறீங்க சார்."

மனைவிக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ.

"யாரைப் பார்த்து நடிப்புங்கிறீங்க? புரண்டு படுக்கக்கூட என்னைத்தான் எழுப்பணும். இந்தப் பட்டனை எல்லாம் போட்டுவிட்டது நான். இப்ப நடந்தாரே, அதுக்கு நாளைக்குப் பூரா எழுந்திரிக்க மாட்டார். வேணும்னா நாளைக்கு வந்து பாருங்க."

டிரைவர் தலையைக் குனிந்துகொண்டு நாற்காலியில் சரிந்தார்.

"அதைத்தாம்மா நானும் சொன்னேன்" என்றார் மேடம். "முடியாத மாதிரி நடிக்கிறவங்களை நிறையப் பார்த்துட்டேன். சார் முடியுற மாதிரி நடிக்கிறார். அடுத்த வாரத்துலேர்ந்து காலையில ஆள் வரும்."

மனைவிக்கு அப்போதுதான் மூச்சே வந்தது. அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன.

டிரைவருக்குத்தான் மனம் ஆறவில்லை. "நான் நல்லாத்தானே மேடம் நின்னேன்? எனக்கு எதுக்கு ஆள்?"

"நீங்க நல்லாத்தான் நின்னீங்க. உங்களைப் பிடிக்க ஒரு கையை நீட்டிக்கிட்டு, இன்னொரு கையால தன் இடுப்பைப் பிடிச்சுக்கிட்டுப் பின்னாடி நின்னாங்களே, நான் வந்ததுலேர்ந்து அவங்களைத்தான் பார்த்துட்டிருக்கேன். வர்ற ஆள் உங்களுக்கு இல்ல சார், அவங்களுக்கு."

டிரைவர் திரும்பி மனைவியைப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"அவளுக்குன்னா காலையில மட்டும் பத்தாது மேடம். சாயங்காலமும் என்னைத் தூக்குறது அவதான்."