பெட்டி மூடுமுன்

நேற்றுக் காலை, பஞ்சு மில்லின் முதல் ஷிப்டுக்குக் கிளம்புமுன் அருமைநாயகம் கடைசியாகச் செய்தது, மகள் ஜெபக்கனியின் பென்சிலைச் சவர பிளேடால் சீவிக் கொடுத்தது. மில்லில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தவர் இப்போது ராஜபாளையம் வீட்டுக் கூடத்தில், பெட்டிக்குள் வெள்ளைச் சட்டையோடு படுத்திருக்கிறார். சபையாரின் பாட்டு நின்றுவிட்டது. மூடியை நிமிர்த்திப் பிடித்தபடி தச்சர் காத்திருக்கிறார். பெட்டி மூடுமுன் பிள்ளைகள் மூப்பு வரிசையில் முத்தம் கொடுக்க வேண்டும். பதினோரு வயது ஜெபக்கனி எழுந்து ஓர் அடி வைக்கிறாள். அருமைநாயகத்தின் அக்கா ஜெயபாய் குறுக்கே கையை நீட்டுகிறாள். “கொஞ்சம் நில்லுட்டி. பெத்த பிள்ளைக ரெண்டும் முதல்ல கொடுக்கட்டும்.”

அவள் ஒன்றரை வயதில் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தத்தெடுத்துத் தூக்கி வந்த பிள்ளை என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். ஜெபக்கனி பாவாடையைக் கசக்கிப் பிடித்தபடி நிற்கிறாள். பின்வாங்கவில்லை. சின்னவர்கள் இருவரையும் அணைத்தபடி சுவரில் சாய்ந்திருந்த அவள் அம்மா பரிபூரணம் தலையை நிமிர்த்துகிறாள். “கையை எடுங்க மதினி. இவ வந்த அன்னைக்கு, அவிய முழங்கால் போட்டு ஜெபத்துல ஆண்டவரை அப்பா, அப்பான்னு கூப்பிட்டாவ. அந்த ஒரு வார்த்தையப் பிடிச்சுக்கிட்டு, அவிய எந்திரிச்சதும் இவ அவியளையே அப்பான்னு கூப்பிட்டா. பொறவுதான் இந்த ரெண்டும் பொறந்துச்சு. அவியளை அப்பாவாக்குனதே இவதான்.”

அத்தையின் கை மெல்லத் தாழ்கிறது. ஜெபக்கனி குனிகிறாள். நெற்றி குளிர்ந்து கிடக்கிறது. நாலு பேர் சோப்புப் போட்டுக் குளிப்பாட்டியும், தினமும் வேலை விட்டு வரும்போது இருப்பதுபோல, புருவத்தில் மில் பஞ்சு ஒட்டியிருக்கிறது.