பேர் போட்ட தொப்பி

"இந்தத் தொப்பியில இருக்கிற பேரு உங்க படகோடதுதானா?"

தீவின் வண்டூர் படகு ஜெட்டியில் டிக்கெட் மேசைக்குப் பின்னால் இருந்த சோனியா, வந்து நின்றவரைப் பார்த்து வெட்கத்தோடு தலையாட்டினாள். 'அமுதம்' என்ற பேரையும் போன் நம்பரையும் அச்சடித்து, படகில் ஏறுகிற எல்லோருக்கும் இலவசமாகத் தொப்பி கொடுப்பது அவளுடைய யோசனை.

"நீங்களும் ஒண்ணு போட்டுக்கங்க சார்!" அவள் அப்பா வியாகுலம் வந்தவர் தலையில் ஒன்றை வைத்தார். "இப்ப தீவு பூரா நம்ம பேருதான்."

"பாத்தேன். எங்க போனாலும் உங்க தொப்பிதான்."

"அச்சா! இன்னைக்கே ஏறிடுங்க சார். பவளப்பாறைக்குப் போற பர்மிட் இந்த வாரத்தோட முடியுது. புதுசா வந்திருக்கிற ஃபாரஸ்ட் ஆபீசர் கையெழுத்துப் போட்டாத்தான் மறுபடியும் ஓட்ட முடியும்."

வந்தவர் வெளியே போய் ஒரு சாக்கைத் தூக்கிவந்து மேசைமேல் கவிழ்த்தார். ஈரமும் மணலுமாக நீலத் தொப்பிகள் குவிந்தன.

"காத்துல பறந்து கடல்ல விழுந்ததுங்க. பவளப்பாறை பூரா மாட்டிக் கிடந்தது. குப்பை யாரோடதுன்னு நான் தேடவே வேண்டியதில்லாமப் போச்சு. அந்தப் புது ஆபீசர் நான்தான்."

"இனிமே பறக்காம நாடா வச்சுத் தச்சுத் தர்றேன் சார்" என்றாள் சோனியா, மெல்ல.

அவர் தன் தலையிலிருந்த தொப்பியைக் கழற்றிக் குவியலின் மேல் வைத்தார். பிறகு காலிச் சாக்கை மடித்துக்கொண்டு நடந்தார்.